இரண்டாம் லேபிள்

மதினியின் உள்ளங்கையில் அந்த நீல மாத்திரை இருந்த விதம் இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. சாப்பிட்டு முடித்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்படி விளக்குக்கு நேர்கீழே வந்து நிற்பார். பட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் போட்டு, விரலால் இப்படியும் அப்படியும் உருட்டுவார். மயில் கழுத்து நிறம். மேல்பூச்சு வழவழவென்று இருக்கும். ஓரம் உடைந்திருக்கிறதா, நிறம் ஓரிடத்தில் கூடக்குறைய இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். "என்ன மதினி, மாத்திரையைப் பொண்ணு பாக்குற மாதிரி பாக்கீக" என்று நான் கேலி செய்வேன். "உள்ள போற சரக்கு தாயி. பாக்காம எப்பிடிப் போடுறது?" என்பார். அவர் விரல் நகங்களில் எப்போதும் காய்ந்த பசை ஒட்டியிருக்கும்.

என் அண்ணன் மனைவி அவர். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் ரூமில் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் சேர்ந்தவர், மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகும் விடவில்லை. அண்ணன் அதே கம்பெனிக்கு லாரியில் லோடு ஏற்றுகிறவர். நான் விருதுநகரில் வாழ்க்கைப்பட்டு, பார்மசி படித்து, ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போவேன். மதினி குழம்பு வைத்தால் தெருவே மணக்கும் என்று சொல்ல மாட்டேன், சுமாராகத்தான் வைப்பார். ஆனால் வாய்ப்பேச்சு அப்படியொரு பேச்சு. அண்ணனை, போர்மேனை, என் வீட்டுக்காரரை, யாரையும் விடமாட்டார். அவர் பேசாமல் ஒரு ஞாயிறு போனது என்றால் அது அந்த நோய் வந்த பிறகுதான்.

அது எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்திருந்தது. கடன் கிடன் என்று கழுத்தை நெரிக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் கம்பெனி மூடிக் கிடந்தபோது உட்கார்ந்தவர், திறந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. குழாயடியில் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே நிற்பார், எடுக்கமாட்டார். தலை சீவவில்லை. தட்டில் சோறு காய்ந்து கிடக்கும். என்ன செய்கிறது என்று கேட்டால் வெகுநேரம் கழித்து, "ஒண்ணும் செய்யல தாயி. உள்ள நமுத்துப் போச்சு" என்றார். நமுத்துப்போன பட்டாசு எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்க்க முழுசாக இருக்கும். திரியும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். செய்வினை என்றார்கள், சோம்பல் என்றார்கள், மகளை அனுப்பிவிட்ட ஏக்கம் என்றார்கள். அண்ணன் அவரை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், அங்கேயே தங்கி வயனம் காக்க வைத்தார். நோய் தீருகிற வரைக்கும் ஆத்தாள் எல்லையை விட்டு வெளியேறாமல் கிடப்பது அது. லோடு வேலையை விட்டுவிட்டு அண்ணனும் கூடவே கிடந்தார். அங்கே பக்கத்தில் பாய் விரித்திருந்த காரியாபட்டிக்கார அம்மாள் ஒருத்திதான் தன் தங்கைக்கும் இப்படி இருந்ததென்றும், மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டிச் சரியானதென்றும் சொன்னது. ஆத்தாள்தான் அந்த அம்மாளை அங்கே உட்கார வைத்தாள் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வார். எனக்கு அதில் மறுப்பில்லை. அதற்கு முன் நானே விருதுநகரில் ஒரு டாக்டரிடம் காட்டி, புதுவகை மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்திருந்தேன். வாந்தியும் படபடப்பும் கண்டதுதான் மிச்சம்.

மதுரை டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். அண்ணன் எதனால் வந்தது எதனால் வந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்க, "காரணம் தேடி அலையாதீங்க. வந்திருக்கு, வைத்தியம் பார்ப்போம்" என்று முடித்துவிட்டார். அவர் எழுதியது அமிட்ரிப்டிலின். பழைய காலத்து மருந்து. டிரைசைக்ளிக் என்று நாங்கள் படித்த வகையில் ஒன்று. புது மருந்துகள் வந்த பிறகு இதை முதலில் எழுதுகிறவர்கள் குறைவு. வாய் உலரும், மலம் இறுகும், எழுந்தால் தலை சுற்றும். அளவு கூடினால் இதயத்தைப் பிடிக்கும் என்பதால் கடையில் இதைக் கொடுக்கும்போது நாங்கள் சீட்டை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்ப்போம். ஆனால் சிலருக்கு இது கேட்பதுபோல் வேறெதுவும் கேட்பதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு பெரிய கம்பெனியின் மாத்திரை. அந்த நீல நிறம் அந்தக் கம்பெனியுடையது.

கொஞ்ச வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் அண்ணன் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது, நான் பயந்துவிட்டேன். "ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டேன்னு உம் மதினி என்னைய வண்டைவண்டையா வைஞ்சுட்டா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். கட்டிய மனைவியிடம் வசவு வாங்கி ஆனந்தக் கண்ணீர் விட்ட ஒரே ஆண்பிள்ளை எங்கள் அண்ணனாகத்தான் இருக்கும் என்று பிறகு நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மதினியும் சிரித்தார். சீசனுக்குள் வேலைக்குப் போய்விட்டார். அவர் ஒட்டுகிற லேபிள் கோணாது என்று பெயர். அந்தப் பெயர் திரும்பவும் கிடைத்தது.

இரண்டு தீபாவளி அப்படிப் போயிற்று. அதன்பின் நீல மாத்திரை வரத்து நின்றது. கம்பெனி அதைத் தயாரிப்பதையே விட்டுவிட்டதா, எங்கள் பக்கம் அனுப்புவதை விட்டுவிட்டதா என்று எங்கள் கடைக்குச் சரக்கு போடுகிறவருக்கே தெரியவில்லை. மதுரையிலும் கேட்டுப் பார்த்தேன். டாக்டரிடம் போனில் சொன்னபோது, "எந்தக் கம்பெனியா இருந்தா என்னம்மா, மருந்து ஒண்ணுதானே, அதே அளவுல மாத்திக் குடுங்க" என்றார். சரியான பேச்சுதான். நான் படித்ததும் அதுதான். கம்பெனி வைக்கிற பெயர் ஒன்று, மருந்தின் சொந்தப் பெயர் ஒன்று. சொந்தப் பெயரிலேயே வருகிற ஜெனரிக் மாத்திரையில் நிறமும் மேல்பூச்சும் மாத்திரையைக் கட்டிப் பிடிக்கிற மாவும் மாறலாம். வேலை செய்கிற மருந்து அதேதான், அதே அளவுதான். அடுத்த ஞாயிறு நான் ஜெனரிக் மாத்திரையைக் கொண்டுபோனேன். வெள்ளை நிறம். பளபளப்பில்லை. பட்டையில் படமோ வண்ணமோ இல்லை, கறுப்பு எழுத்து மட்டும்.

பழைய பட்டை ஒன்று மீதமிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மதினிக்குக் காட்டினேன். மதினிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் காலமெல்லாம் லேபிள் பார்த்த கண் என்பதால் எழுத்தின் உருவம் தெரியும். "மேல பெரிய எழுத்துல இருக்கிறது கம்பெனி வச்ச பேரு. அதுதான் வேற. கீழ சின்ன எழுத்தப் பாருங்க மதினி, ரெண்டுலயும் ஒண்ணா இருக்கா?" என்றேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். "ஒண்ணாத்தான் தாயி இருக்கு" என்றார். ஒன்று போட்ட இடத்தில் ஒன்றுதான், அதே நேரம்தான் என்று சொன்னேன். சரி என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கடைக்கு வருகிற படித்த ஆட்கள் இந்த விஷயத்தில் என்னோடு மல்லுக்கட்டுவார்கள், மதினி ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டாரே என்று பெருமையாகக்கூட இருந்தது.

இந்த இடத்தில் பேக்கிங் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதினி வேலை பார்த்த கம்பெனியில் இரண்டு லேபிள் உண்டு. ஒன்று ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர், வழவழப்பான தாள், நாலு கலர் அச்சு. இன்னொன்று யாரும் கேள்விப்படாத பெயர், மெல்லிய தாள். மருந்து குறைவாக விழுந்த வெடி, திரி குட்டையானது, சாரலில் லேசாக ஈரம் பட்டுக் காயவைத்தது எல்லாம் இரண்டாம் லேபிளில் போகும். இரண்டு பெட்டியிலும் அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பது ஒன்றேதான். எது எதில் போகிறது என்று ஒட்டுகிற பெண்களுக்குத் தெரியும், வெளியில் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். தீபாவளிக்கு வேலையாட்களுக்குக் கொடுப்பதும் இரண்டாம் லேபிள்தான். அதற்கு அவர்களிடம் ஒரு கைப்பழக்கம் இருந்தது. இரண்டு வெடியைச் சேர்த்துத் திரியை முறுக்கி ஒன்றாகக் கொளுத்துவார்கள். அப்போதுதான் ஒரு வெடியின் சத்தம் வரும். நாரணாபுரத்துத் தெருவில் எந்த வீட்டு வாசலிலும் தீபாவளியன்று இதைப் பார்க்கலாம். நானே அப்படிக் கொளுத்தி வளர்ந்தவள்தான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, குறை என்று நினைப்பதும் இல்லை.

வெள்ளை மாத்திரைக்கு மாறிய பிறகு மதினிக்கு வாய் ரொம்ப உலர ஆரம்பித்தது. பேச்சு குழறியது. பக்கத்திலிருப்பது கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது என்றார். சிறுநீர் போவதற்குச் சிரமப்பட்டார், அதை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். வேலையில் லேபிள் கோணியது. போர்மேன் கூப்பிட்டு, "என்னக்கா, உங்க கைதானா இது?" என்று கேட்டாராம். மதினி அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆளே மந்தித்துப் போய், கேட்ட கேள்விக்கு நின்று நிதானித்துப் பதில் சொல்வதைப் பார்த்ததும் அண்ணன் எனக்குப் போன் போட்டார். பழையபடி நமுத்துப்போகிறாளே என்று என்னைக் கேட்டார். மாத்திரை போடுகிறீர்களா என்று மதினியைக் கேட்டேன். "போடுறேன் தாயி, ஒரு நாள் விடல" என்றார். பொய்யில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். அன்றைக்கு அங்கே நல்ல கூட்டம். சோர்வு, மறதி, வேலையில் கவனமில்லை என்று அண்ணன் அடுக்கினார். நோய் திரும்புகிறது என்று எடுத்துக்கொண்டு டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக வருகிறது. நோய்க்கும் மருந்து மிஞ்சிப் போனதற்கும் முகம் ஒரே மாதிரி இருக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் ஒரு தடவை, எத்தனை போடுறம்மா என்று அவர் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மதினி சொல்லியிருப்பார் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்தில், படியில் காலை வைத்து ஏறும்போது மதினி பின்பக்கமாக விழுந்தார். நல்லவேளை, பின்னால் நின்ற பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள். நினைவில்லை. சிவகாசியில் பார்த்துவிட்டு அங்கிருந்து விருதுநகருக்கு அனுப்பினார்கள். நான் கடையிலிருந்து ஓடியபோது ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு டியூட்டி டாக்டர், சின்ன வயதுப் பெண், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறியது. எத்தனை முழுங்கினார் என்று கேட்டாள். அதற்குள் பக்கத்தில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். போலீசுக்குத் தகவல் போயிற்று, அது அங்கே வழக்கம். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல, எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதினிக்குத் தெளிவு வந்தது. நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது, தலைமாட்டில் இதயத் துடிப்பைக் காட்டுகிற பெட்டி சத்தமிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெண் போலீஸ் வந்து, ஏன் சாகப் பார்த்தீர்கள், வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டார். மதினி விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு விளங்கியது. "சாகவா?" என்றார். "நான் பிழைக்கத்தானம்மா ரெண்டு ரெண்டாப் போட்டேன்."

வெள்ளை மாத்திரை கைக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான் போட்டிருக்கிறார். நான் கொண்டுபோய்க் கொடுத்தது போதாமல், பழைய சீட்டைக் காட்டி சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் மீதியை வாங்கியிருக்கிறார். டாக்டர் அளவைக் கூட்டியபோது அதையும் இரண்டாக்கியிருக்கிறார். அன்றைக்குச் சின்ன எழுத்தைக் காட்டிச் சொன்னேனே மதினி, நீங்களும் பார்த்தீர்களே என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. மதினிக்கும் என்மேல் வருத்தம்தான், விவரம் தெரிந்த பிள்ளை இப்படிக் கேட்கிறதே என்று. "சின்ன எழுத்து என்ன தாயி, பிரஸ்ல குடுத்தா யாருக்கும் அடிச்சுக் குடுப்பான். அம்புட்டும் நான் ஒட்டுனதுதான? பாத்தாலே தெரியுதே அது ரெண்டாம் லேபிள்னு. பாதி மருந்துதான் இருக்கும். ஒண்ணப் போட்டு மறுபடி அந்த மாதிரி உக்காந்துட்டேன்னா, உங்க அண்ணன் என்ன பண்ணுவாக?"

அப்படியே என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். கேட்கமாட்டார். பெட்டிக்குள் இருப்பது லேபிளில் சொன்னதுதானா என்று வாய்விட்டுப் பேசுவது அவர் பிழைத்த இடத்தில் வழக்கமில்லை. விற்கிறவளே நாத்தனாராக இருக்கும்போது, அவள் முகத்துக்கு நேரே உன் சரக்கு குறைச்சல் என்று எப்படிச் சொல்வது? மனிதர்களை நோகடிக்காமல், தன்னால் ஆனதைத் தானே சரிக்கட்டிக்கொள்வது அவர் குணம்.

உயிர் தங்கியது. ஆனால் அவர் இதயத்தில் ஏற்கெனவே ஒரு கோளாறு இருந்திருக்கிறது, இந்த மருந்து அதைக் கிளறிவிட்டது என்றார்கள். இனிமேல் அமிட்ரிப்டிலினும் சரி, அந்த வகையில் வேறெதுவும் சரி, எந்தக் கம்பெனி மாத்திரையாக இருந்தாலும் அவர் தொடக்கூடாது. மதுரை டாக்டர் புதுவகைகளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்று தூக்கத்தைக் கெடுத்தது, ஒன்று பசியைக் கெடுத்தது, இப்போது இருப்பது நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. தெருவில் மதினிக்குச் சாக மருந்து குடித்தவள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நானும் அண்ணனும் நடந்ததை எத்தனையோ பேரிடம் விளக்கிவிட்டோம். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள், பொம்பளை மானத்தைக் காப்பாற்ற இவர்கள் சொல்கிற கதை என்று நினைப்பது முகத்திலேயே தெரியும். சாகத் துணிந்தவளைப் பட்டாசு இருக்கிற இடத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் லேபிளை ஒட்டச் சொன்னவர்களுக்கு இந்தப் பயம் மட்டும் எங்கிருந்து வந்ததோ.

கடையில் நான் இன்றைக்கும் அந்த வெள்ளை மாத்திரையை விற்கிறேன். நல்ல மாத்திரை. எத்தனையோ பேருக்கு அது ஒன்று போதுமானதாக இருக்கிறது. இதுவும் அதுவும் ஒன்றுதானா என்று கேட்கிறவர்களிடம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. ஒன்றுக்கு ஒன்றுதான் போட வேண்டும், குறைவாகத் தோன்றினால் என்னிடம் வந்து கேளுங்கள் என்று சொல்கிறேன். சிலர் இவளுக்கு என்ன வந்தது என்பதுபோல் பார்க்கிறார்கள்.

போன ஞாயிறு போயிருந்தேன். மதினி கீழே உட்கார்ந்திருந்தார், பின்னால் முக்காலியில் உட்கார்ந்து அண்ணன் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தார். லோடு தூக்கிக் காய்த்த கை, சீப்பு அதற்குள் காணாமல் போகிறது. சிக்கு வரும்போது வலிக்காமல் முடியின் அடியைப் பிடித்துக்கொள்ளத் தானாகவே கற்றிருக்கிறார். கொண்டுபோன மாத்திரையில் ஒன்றைப் பிரித்து மதினி கையில் கொடுத்தேன். பார்க்கவில்லை, அப்படியே வாயில் போட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். சாப்பிட்டீகளா என்று கேட்டதற்குத் தலையசைப்பு மட்டும் வந்தது. நான் மகளைப் பற்றி, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன். கிளம்பலாம் என்று எழுந்தபோது மதினி என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"தாயி, அந்த வெள்ளை மாத்திரை நெசமாவே முழு மருந்துதானா?"

"முழு மருந்துதான் மதினி."

"அப்ப ஒண்ணு ஒண்ணாப் போட்டிருந்தா இந்நேரம் நான் வேலைக்குப் போயிருப்பேன், என்ன?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை காலம் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்து அவர் வாய்விட்டுக் கேட்டது, அதற்குப் பொய் சொல்ல வரவில்லை. ஆமாம் என்றேன். மதினி சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அண்ணன் சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.